பத்து விரலுக்கு எதற்கு 30,000 குழல்கள்?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் உள்ள பைப் ஆர்கனை, அதாவது குழல்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் விசைப்பலகை வாத்தியத்தை, பற்றிய ஒரு காணொளியைப் பார்த்திருக்கிறார். 33,000-க்கும் மேற்பட்ட குழல்கள், ஏழு அடுக்கு விசைப்பலகை. பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "வாசிப்பவருக்குப் பத்து விரல், இரண்டு கால். இத்தனை குழல் எதற்கு? கேட்க நிஜமாகவே வேறு மாதிரி இருக்குமா, இல்லை எங்களுடையதுதான் பெரியது என்று சொல்லிக்கொள்ளச் செய்ததா?" எண்ணிக்கைக் கேள்வி மாதிரி தெரிந்தாலும் அவர் உள்ளபடி கேட்பது இதுதான்: வாத்தியம் பெரிதாக ஆக இசையும் கூடுமா, அல்லது ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாம் வீம்புதானா?

பதிலுக்கு முன் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். ஆர்கன்களுக்குச் சுதி சேர்ப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில், பதினெட்டு வருடமாக. நான் கைவைத்ததிலேயே பெரியது நாலாயிரம் குழல்களுக்குச் சற்று மேல். பிலடெல்பியாவின் பெரிய ஆர்கனை இரண்டு முறை நேரில் கேட்டிருக்கிறேன். அட்லாண்டிக் சிட்டி ஆர்கனைப் பதிவுகளில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன், அதனால் அதன் நாதத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. உள்ளே இருக்கும் சாமான் மட்டும் எல்லா ஆர்கனிலும் ஒன்றுதான்: காற்று, தோல், ஈயம், மரம்.

முதலில் கணக்கு. புல்லாங்குழல் வாசிப்பவர் ஒரே குழலில் எல்லாச் சுரமும் எடுப்பார், மெதுவாகவும் ஊதுவார், பலமாகவும் ஊதுவார். ஆர்கன் குழலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு குழல், ஒரு சுரம், ஒரே குரல், ஒரே பலம். காற்றைக் கூட்டினால் சத்தம் கூடுவதோடு சுதியும் ஏறிவிடும். அதனால் விசைப்பலகையில் 61 கட்டை இருந்தால், ஒரே ஒரு குரலுக்கு 61 குழல் வேண்டும். இப்படி ஒரு குரலுக்கான குழல் தொகுதியை வரிசை என்போம். அதைத் திறந்து மூடும் பிடிதான் ஸ்டாப். மெல்லிய புல்லாங்குழல் குரல் வேண்டுமா, 61 குழல். அதையே கொஞ்சம் பலமாக வேண்டுமா, இன்னொரு 61. ஒரு ஸ்தாயி மேலே அதே குரல் கூடவே ஒலிக்க வேண்டுமா, மறுபடி 61. மிக்ஸ்சர் என்று ஒரு வகை உண்டு. ஒரே கட்டைக்கு நாலைந்து குட்டிக் குழல்கள் மேல் சுரங்களில் சேர்ந்து ஒலித்து மொத்த நாதத்துக்கும் பளபளப்பு ஏற்றும். நாலு வரிசை மிக்ஸ்சர் ஒன்றைச் சேர்த்தாலே 244 குழல். இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் சாதாரண அளவு ஆர்கனே இரண்டாயிரம், மூவாயிரம் குழல்களைத் தொட்டுவிடும். அதில் வீம்பு எதுவும் இல்லை.

பத்து விரல் கணக்குக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. முப்பது ஸ்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கட்டையை அழுத்தினால் குறைந்தது முப்பது குழல் ஒன்றாக ஒலிக்கும். பத்து விரலுக்கு முந்நூறு. கால் பெடல்கள் தனி. விரல்கள் சுரத்தைத்தான் தேர்ந்தெடுக்கின்றன, குரலைத் தேர்ந்தெடுப்பவை ஸ்டாப்புகள். ஓவியரிடம் "கையில் ஒரு தூரிகைதானே, எதற்கு நாற்பது வண்ணம்?" என்று யாரும் கேட்பதில்லையே. சரி, நாற்பது புரிகிறது, நானூறு எதற்கு என்பதுதான் உங்கள் கேள்வியின் மிச்சப் பாதி.

பலரும் நினைப்பது போல அது சத்தத்துக்காக அல்ல. சத்தம் கூட்டக் குழல்களைக் கூட்டுவது வீண் செலவு. ஒரே அளவு பலமுள்ள ஒலிகள் இரண்டைச் சேர்த்தால் மூன்று டெசிபல்தான் கூடும். பத்து மடங்கு சேர்த்தால் பத்து டெசிபல், அதாவது காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆக 3,000 குழலை 30,000 ஆக்கினாலும், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஒலிக்கவிட்டாலும்கூட, கிடைப்பது சுமார் இரட்டிப்புச் சத்தம். சத்தம் மட்டுமே வேண்டும் என்றால் காற்றழுத்தத்தை ஏற்றி, அதைத் தாங்கும்படி கனமான குழல்களைச் செய்தால் போதும். ஆர்கனில் காற்றழுத்தத்தைத் தண்ணீர் மட்டம் எத்தனை அங்குலம் உயர்கிறது என்று அளப்போம். வழக்கமான குழல்களுக்கு மூன்று, நான்கு அங்குலம் போதும். அட்லாண்டிக் சிட்டியில் சில ஸ்டாப்புகள் நூறு அங்குலத்தில் ஓடுகின்றன. நூறு அங்குலம் என்றால் தண்ணீர் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு எழும். நான் வேலை செய்ததில் அதிகபட்சம் பதினைந்து அங்குலம். அதிலேயே காற்றுப்பெட்டி மூடியில் ஒரு திருகு தளர்ந்தால் வரும் சீறலில் பேச்சு காதில் விழாது.

அந்த நூறு அங்குல ஸ்டாப்புகளில் ஒன்றான கிராண்ட் ஓபிக்ளைடுதான் உலகிலேயே அதிகச் சத்தமான ஆர்கன் ஸ்டாப் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. ரயில் விசிலைப் போல ஆறு மடங்கு சத்தம் என்ற ஒப்பீட்டையும் கூடவே சொல்வார்கள். முதல் பாதியை நம்புகிறேன். இரண்டாவது பாதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ரயில், எவ்வளவு தூரத்தில், ஆறு மடங்கு என்பது ஆற்றலிலா, காது உணர்வதிலா என்பதைப் பொறுத்து அர்த்தம் தலைகீழாகிவிடும்.

கீழ் சுரங்களில் இன்னொரு வகை அதீதம். எட்டு அடிக் குழல் வினாடிக்குச் சுமார் 65 அதிர்வு தரும். நீளத்தை இரட்டித்தால் அதிர்வு பாதியாகும்: 16 அடிக்கு 33, 32 அடிக்கு 16 சொச்சம். மனிதக் காது சுரமாகக் கேட்பது ஏறக்குறைய 20 வரைதான். 32 அடியிலேயே எல்லையைத் தாண்டிவிட்டோம். ஆனாலும் இரண்டு ஆர்கன்களில் முழு நீள 64 அடி ஸ்டாப் இருக்கிறது: சிட்னி டவுன் ஹாலில் 1890-ல் லண்டனின் வில்லியம் ஹில் நிறுவனம் கட்டிய ஆர்கனில் ஒன்று, அட்லாண்டிக் சிட்டியில் ஒன்று. அட்லாண்டிக் சிட்டியின் அந்த மிகப்பெரிய மரக்குழல் மட்டும் ஒன்றரை டன். அதன் அடிச்சுரம் வினாடிக்கு எட்டு அதிர்வு. எட்டு அதிர்வு சுரமாகக் கேட்காது. அந்தக் குழல் கூடவே எழுப்பும் மேற்சுரங்கள்தான் கேட்கும். அடிச்சுரம் படபடவென்று ஒரு துடிப்பாக, காதைவிட உட்கார்ந்திருக்கும் பலகையில் தெரியும். ஹெலிகாப்டர் தூரத்தில் நிற்பது போல என்று சிலர் வர்ணிப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பணமோ உயரமோ இல்லாத இடங்களில் 16 அடிக் குழலோடு பத்தே முக்கால் அடிக்குக் கிட்டத்தட்ட உள்ள இன்னொரு குழலைச் சேர்த்து ஒலிக்கவிடுவோம். இரண்டும் கலந்து, இல்லாத 32 அடிச் சுரத்தைக் காது தானாகவே கற்பனை செய்துகொள்ளும். நல்ல கூடத்தில் பத்தில் ஆறு பேர் ஏமாந்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். 32 அடிக்கு மெய்க்குழல் வேண்டும் என்று நான் வாதாடுவேன், ஏனென்றால் மெய்க்குழலின் அமைதியான அடிநாதம் இந்தத் தந்திரத்தில் வராது. 64 அடிக்காக வாதாட மாட்டேன்.

அப்படியானால் இந்த ராட்சதங்கள் ஏன் வந்தன? பெரிதாகக் கட்டும் ஆசை புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் 400 குழலும் 26 துருத்தியும் கொண்ட ஆர்கன் இருந்ததென்றும், துருத்தி இயக்க 70 ஆட்கள் வியர்த்து விறுவிறுத்தார்கள் என்றும், சத்தம் தாங்காமல் மக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள் என்றும் உல்ஃப்ஸ்டன் என்ற துறவி ஒரு லத்தீன் கவிதையில் பாடியிருக்கிறார். பெரிய ஆர்கன் ஒன்று இருந்தது நிச்சயம். எழுபது ஆள் கணக்கைக் கவிஞருக்குரிய சலுகையோடுதான் படிக்க வேண்டும்.

ஆனால் ஆசைக்கு இயந்திரம் தடை போட்டது. பழைய ஆர்கன்களில் கட்டைக்கும் குழலடி வால்வுக்கும் இடையே மரச்சட்டங்களும் கம்பிகளும்தான். ஸ்டாப் கூடக் கூட, விசைப்பலகைகளை ஒன்றோடு ஒன்று இணைக்க இணைக்க, கட்டை கல்லாகக் கனக்கும். விரல் ஓடாது. 1830-களில் பார்க்கர் நெம்புகோல் வந்தது. காற்றே குட்டித் துருத்திகளை உப்பவைத்து வால்வை இழுத்துவிடும், விரலுக்குப் பாரம் இல்லை. பாரிஸின் சேன் சுல்பீஸ் தேவாலயத்தில் கவாயே கோல் 1862-ல் நூறு ஸ்டாப்போடு ஆர்கன் கட்ட முடிந்தது இதனால்தான். அப்புறம் மின்சாரம் வந்தது. கட்டை வெறும் சுவிட்ச் ஆயிற்று, குழல்கள் நூறு அடி தள்ளி எந்த மாடியில் இருந்தாலும் சரி. காற்றுக்கு மோட்டார் வந்தது. துருத்தி மிதிப்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டாம், அவர் களைத்துப்போவாரே என்ற கவலையும் வேண்டாம். தடை எல்லாம் ஒரே தலைமுறையில் நீங்கியது. ஒலிபெருக்கியும் நல்ல ரெக்கார்டும் இன்னும் பரவாத காலம் வேறு. பத்தாயிரம் பேருக்கு இசை கேட்கவைக்க வேண்டுமானால் ஆர்கன்தான் வழி. பெரிய ராட்சதங்கள் ஏறக்குறைய 1900-க்கும் 1932-க்கும் இடையே குவிந்திருப்பது தற்செயல் இல்லை.

பிலடெல்பியா ஆர்கனின் கதையில் இது எல்லாம் இருக்கிறது. 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காகக் கட்டினார்கள், 10,059 குழல்கள். வடிவமைத்தவர் ஜார்ஜ் ஆஷ்டவுன் ஆட்ஸ்லி. பிரெஞ்சு மேதை அலெக்சாண்டர் கில்மான் வந்து நாற்பது கச்சேரி செய்தார். கட்டிய நிறுவனம் திவாலானது. கண்காட்சி முடிந்ததும் ஆர்கன் கிடங்கில் தூங்கியது. 1909-ல் ஜான் வானமேக்கர் என்ற வணிகர் அதை வாங்கி, பதின்மூன்று சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றிப் பிலடெல்பியாவில் தான் கட்டிக்கொண்டிருந்த பிரமாண்டப் பல்பொருள் கடையின் நடுக்கூடத்தில் வைத்தார். 1911 ஜூன் 22 அன்று, இங்கிலாந்தில் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடும் நேரத்தில், முதல் முறையாக ஒலித்தது. கேட்டவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஏழு மாடி உயரக் கூடம், பத்தாயிரம் குழல் அதில் எடுபடவில்லை. உடனே கடையின் மேல்மாடியிலேயே ஒரு ஆர்கன் பட்டறை தொடங்கினார். ஒரு கட்டத்தில் நாற்பது பேர் முழுநேரமாக அங்கே வேலை பார்த்தார்கள். 1917-க்குள் எட்டாயிரம், 1930-க்குள் இன்னும் பத்தாயிரம் குழல்கள் சேர்ந்தன. இன்றைய கணக்கு 28,750 குழல், 464 வரிசை.

வியாபாரியின் விளம்பர வெறி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஒரு மதியக் கச்சேரி. கூடத்தின் நடுவே அந்த வெண்கலக் கழுகுச் சிலை, அதுவும் செயின்ட் லூயிஸ் கண்காட்சியிலிருந்து வந்ததுதான், பக்கத்தில் நின்றேன். சுற்றிலும் கடைக்காரர்கள் ரசீது போட்டுக்கொண்டிருந்தார்கள். இடி முழக்கம் வரும் என்று தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். வந்தது அதற்கு நேர்மாறு. எங்கிருந்து தொடங்கியது என்றே தெரியாமல் வயலின் கூட்டம் போல ஒரு மூச்சு, மாடியின் பின்னாலிருந்து பரவி வந்தது. சத்தம் என்று சொல்லவே முடியாது, பக்கத்தில் ஒரு பெண்மணி பையை மூடும் ஜிப் ஒலி தெளிவாகக் கேட்டது. ஆனால் கூடம் முழுக்க அந்த மூச்சு நிறைந்திருந்தது.

அது எப்படி என்பதுதான் ராட்சத ஆர்கனின் உண்மையான கவர்ச்சி. கம்பி வாத்தியக் குரல் கொண்ட ஒல்லிக் குழல் வரிசை ஒன்றோடு, அதே குரலில் இன்னொரு வரிசையை வேண்டுமென்றே ஒரு நூல் மேலே சுதி சேர்த்து வைப்போம். இரண்டும் உரசி வினாடிக்கு இரண்டு மூன்று அலையாக நெளியும். இதற்குச் செலஸ்ட் என்று பெயர். சாதாரண ஆர்கனில் இப்படி ஒரு ஜோடி இருக்கும். பிலடெல்பியாவில் கம்பிக் குரலுக்கென்றே 88 வரிசை, 67 அடி நீளமுள்ள தனி அறையில். ஒவ்வொரு ஜோடியும் வெவ்வேறு வேகத்தில் நெளிவதால் அலை எதுவும் தனியாகப் பிடிபடாது. இருபது வயலின்காரர்கள் ஒரே சுரத்தை வாசிக்கும்போது யாரும் துல்லியமாக ஒன்றாக இருக்க மாட்டார்கள் அல்லவா, அந்த மனிதத்தனம் இயந்திரத்தில் வந்துவிடுகிறது. அறை முகப்பில் உள்ள பலகைக் கதவுகளை வாசிப்பவர் காலால் மெல்ல மூடும்போது அந்தக் கூட்டம் அப்படியே விலகிப் போவது போல இருக்கும். நூற்றுக்கணக்கான குழல்கள் சேர்ந்து மெதுவாகப் பேசுவதை மூன்று குழல் செய்ய முடியாது. குழல்களின் எண்ணிக்கை தன் விலையைத் திருப்பித் தருவது இங்கேதான், உச்சத்தில் அல்ல, தாழ்ந்த குரலில்.

எது உலகிலேயே பெரியது என்ற சண்டையைப் பற்றி இரண்டு வரி போதும். குழல் எண்ணிக்கையில் அட்லாண்டிக் சிட்டி. வரிசை எண்ணிக்கையில் பிலடெல்பியா, அட்லாண்டிக் சிட்டிக்கு 449-தான். தேவாலயங்களில் என்றால் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபர்ஸ்ட் காங்கிரிகேஷனல், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிச் சிற்றாலயம் என்று பட்டியல் போகும். வெஸ்ட் பாயிண்ட் ஆர்கன் 1911-ல் 2,406 குழல்களோடு தொடங்கியது, நன்கொடை நன்கொடையாக வளர்ந்து இன்று 23,000-ஐத் தாண்டிவிட்டது. ஐரோப்பாவில் ஜெர்மனியின் பாஸ்ஸாவ் பேராலயம். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 9,999 குழல் என்று சொல்வார்கள். இன்னும் ஒன்றைச் சொருகி ரவுண்டாக்காமல் விட்டதே ஒரு நாசூக்கான விளம்பரம் என்று எங்கள் தொழிலில் கிண்டல் உண்டு.

இனி அதீதம். கட்டுவதில் அது தெரியாது, காப்பாற்றுவதில்தான் தெரியும். சுதி சேர்ப்பது எப்படி என்று சொல்கிறேன். ஒருவர் விசைப்பலகையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடிப்பார். இன்னொருவர், அதாவது நான், குழல்களுக்கு நடுவே ஒரு பலகையில் பக்கவாட்டில் நின்று, ரீட் குழலின், அதாவது உள்ளே ஒரு நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் குழலின், கழுத்திலிருக்கும் கம்பியை இரும்புக் கத்தியால் தட்டுவேன். மேலே ஒரு தட்டு, கீழே அரைத் தட்டு. அலை நெளிவு மெதுவாகி, மெதுவாகி, நின்றதும் "அடுத்தது" என்று கத்துவேன். உலோகக் குழலைக் கையால் தொடக்கூடாது. உள்ளங்கைச் சூட்டிலேயே சுதி ஏறும், அப்புறம் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். குழலுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 28,750 குழலுக்கு 479 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்தால் அறுபது நாள். முடிவதற்குள் பருவம் மாறிவிடும். காற்று ஒரு டிகிரி சூடானால் சாதாரணக் குழல்கள் அரைச்சுரத்தில் நூறில் மூன்று பங்கு ஏறும், நாக்கு உள்ள ரீட் குழல்கள் அவ்வளவு ஏறாது. இரண்டும் பிரிந்து நிற்கும். ஆகவே பெரிய ஆர்கன்களில் யாரும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுதி சேர்ப்பதில்லை. ரீட் குழல்களை அடிக்கடி தொடுவோம், மற்றவற்றைக் கூடியவரை விட்டுவிடுவோம்.

சுதியைவிடப் பெரிய எதிரி தோல். மின்சாரமும் காற்றும் சேர்ந்து இயங்கும் ஆர்கன்களில் வால்வுகளைத் திறப்பவை மெல்லிய தோல் பைகள். அவை ஐம்பது அறுபது வருடத்தில் காய்ந்து வெடிக்கும். நாலாயிரம் குழல் ஆர்கனில் தோல் மாற்றுவது ஒரு சிறு பட்டறைக்குப் பல மாத வேலை. அதை ஏழு எட்டால் பெருக்கிப் பாருங்கள். கடைசிப் பையை ஒட்டி முடிக்கும்போது முதலில் ஒட்டியது பழசாகத் தொடங்கியிருக்கும்.

ஒரு தோல் பை கிழிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு தடவை நன்றாகவே தெரிந்தது. ஒரு தேவாலயத்தில், பெயர் வேண்டாம், மூன்று வருடமாகப் பராமரிப்புச் செலவைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். ஒரு இறுதிச் சடங்கின் மௌனப் பிரார்த்தனையின்போது ஒரு குழல் தானாக ஊத ஆரம்பித்தது. கட்டையை விட்ட பிறகும் நிற்காமல் ஊதுவதைச் சைஃபர் என்போம். வாசிப்பவர் ஸ்டாப்பை மூடினார், நிற்கவில்லை. நான் ஏணியில் ஓடிப்போய், எந்தக் குழல் என்று இருட்டில் ஒவ்வொன்றின் வாயருகே விரலை நீட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துப் பிடுங்கிக் கீழே வைத்தேன். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். 1,800 குழல் ஆர்கனில் அது. முப்பதாயிரத்தில் தேடுவதை நினைத்தால் இப்போதும் கை வியர்க்கிறது.

அட்லாண்டிக் சிட்டியில் நடந்ததும் இந்தக் கதைதான், அளவு மட்டும் வேறு. எமர்சன் ரிச்சர்ட்ஸ் என்ற வழக்கறிஞர், நியூ ஜெர்சி மாநில செனட்டர், ஆர்கன் பித்துப் பிடித்தவர். அவர் வடிவமைக்க, மிட்மர் லாஷ் நிறுவனம் 1929-லிருந்து 1932 வரை கட்டியது. 41,000 பேர் உட்காரும் கூடம் என்று அறிவிக்கப்பட்ட இடம், அதற்கு ஏற்ற ஆர்கன். ஆனால் பொருளாதாரப் பெருமந்தம் நடுவே வந்துவிட்டது. 1944 செப்டம்பர் சூறாவளியில் கடல்நீர் அடித்தளத்தில் புகுந்து காற்று மோட்டார்களை மூழ்கடித்தது. அதன்பின் ஆர்கன் முழுமையாக ஒலிக்கவே இல்லை. 2001-ல் கூடத்தைப் புதுப்பித்தபோது சேதமாகி அடியோடு மௌனமானது. 2007-லிருந்து படிப்படியாக உயிர் கொடுத்து வருகிறார்கள், நல்ல பகுதி இப்போது ஒலிக்கிறது. கட்டி முடித்த காலத்திலிருந்து கணக்குப் பார்த்தால், உலகின் மிகப்பெரிய வாத்தியம் தன் ஆயுளின் பெரும்பகுதியில் அரைகுறை ஊமை. பிலடெல்பியா தப்பித்ததற்குக் காரணம், அங்கே கடை திறந்த நாளெல்லாம் ஆர்கனும் ஒலித்ததுதான். தினமும் வாசித்தால் எந்தக் குழல் பேசவில்லை என்று அன்றைக்கே தெரியும். அதற்கும் ஒரு தளர்ச்சிக் காலம் வந்தது. 1991-ல் ரசிகர்கள் சங்கம் ஒன்று அமைத்துத் தோள் கொடுத்த பிறகுதான் மீண்டது. கடைசியாக அங்கே கடை நடத்திய மேசீஸ் 2025 மார்ச்சில் மூடிவிட்டது.

வாசிப்பவர் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. பிலடெல்பியாவில் ஆறு விசைப்பலகை, அவற்றைச் சுற்றி வண்ண வண்ணமாக 729 ஸ்டாப் பலகைகள். ஒரு பாடலுக்குள் அத்தனையையும் கையால் மாற்றவே முடியாது. விரும்பிய கலவைகளை முன்கூட்டியே பதிந்து வைத்து, விரலருகே உள்ள பொத்தானால் அழைப்பார்கள். அதற்கு மேல் தூரம் வேறு. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். குழல் அறை 35 மீட்டர் தள்ளி இருந்தால் கட்டையை அழுத்திய பத்தில் ஒரு பங்கு வினாடிக்குப் பிறகுதான் சுரம் காதுக்கு வரும். வேகமான இசையில் அது ஒரு சுரம் பின்தங்குவது. பெரிய ஆர்கன் வாசிப்பவர்கள் காதை நம்பாமல் விரலை நம்பி வாசிக்கப் பழகுகிறார்கள். நுணுக்கமான பல குரல் பின்னல்கள் இந்த இடங்களில் குழைந்து சகதியாகும். மெதுவாக விரியும் இசைதான் பொருந்தும்.

இந்தக் குறையைக் கட்டிய காலத்திலேயே சொன்னவர்கள் உண்டு. பின்னாளில் மருத்துவராகப் புகழ்பெற்ற ஆல்பர்ட் ஷ்வைட்சர் தேர்ந்த ஆர்கன் கலைஞர். தொழிற்சாலைப் பாணியில் ஊதிப் பெருக்கிய ஆர்கன்களைக் கண்டித்து 1906-லேயே எழுதினார். பழைய ஆர்கன்களின் தெளிவுக்குத் திரும்ப வேண்டும் என்ற இயக்கம் அங்கிருந்து வேர் பிடித்தது. நெதர்லாந்தின் ஹார்லெமில் 1738-ல் கிறிஸ்டியான் முல்லர் கட்டிய ஆர்கன் இன்றும் இருக்கிறது. ஏறக்குறைய 5,000 குழல். 1766-ல் பத்து வயது மொசார்ட் அதை வாசித்திருக்கிறார். அட்லாண்டிக் சிட்டியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் அதைக் கேட்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்று சொன்னவரை நான் சந்தித்ததில்லை. இசைமேதை பாக் புதிய ஆர்கனைச் சோதிக்கும்போது முதல் வேலையாக எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிட்டு முழு பலத்தில் வாசிப்பாராம். "நுரையீரல் நன்றாக இருக்கிறதா பார்க்கிறேன்" என்று வேடிக்கையாகச் சொல்வார் என்று அவர் மகன் பதிவு செய்திருக்கிறார். எத்தனை குழல் என்று எண்ணிப் பார்த்ததாகச் செய்தி இல்லை.

என்னைக் கேட்டால், ஒரு நல்ல கூடத்துக்கு அறுபது ஸ்டாப் நிறைவு, நூறு ஸ்டாப் ஆடம்பரம். சேன் சுல்பீஸின் நூறு ஸ்டாப்பை வைத்துக்கொண்டு ஷார்ல் மாரி விடோர் அறுபது வருடத்துக்கும் மேல் வாசித்தார், அவர் எழுதிய ஆர்கன் சிம்பொனிகளில் எதுவும் குறைபடவில்லை. அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு ஆயிரம் குழலும் முந்தைய ஆயிரத்தைவிடக் குறைவாகத்தான் தரும். பிலடெல்பியாவின் கம்பிக் குரல் அறை ஒன்றுதான் இந்த விதியை உடைத்து நான் கேட்டது. இது தொழில்காரன் கருத்துதான். என் ஆசானிடம் கேட்டிருந்தால் நாற்பது போதும் என்றிருப்பார், அவருக்கு முழங்கால் வலி.

காணொளியில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கைபேசி ஸ்பீக்கரில் 16 அடி ஸ்டாப்பே வராது, 32 அடியைப் பற்றிப் பேச்சே இல்லை. நல்ல ஹெட்போன் பாதி தூரம் கொண்டுபோகும், ஆனால் காற்று நெஞ்சில் படாது. நேரில் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் பாஸ்ஸாவை முதலில் வைப்பேன். 1981-ல் முடிந்த அமைப்பின்படி 17,974 குழல், 233 ஸ்டாப், பேராலயத்தின் வெவ்வேறு இடங்களில் உள்ள ஐந்து ஆர்கன்களை ஒரே விசைப்பலகைத் தொகுதியிலிருந்து வாசிப்பார்கள். ஐந்தில் ஒன்று கூரைக்கு மேலே பரணில் இருக்கிறது, அதன் ஒலி விதானத்தில் உள்ள ஒரு துளை வழியாக இறங்கி வரும். மே முதல் அக்டோபர் வரை வார நாட்களில் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கச்சேரி வைப்பது அங்கே வழக்கம், அரை மணி நேரம். முன் வரிசையில் உட்காராதீர்கள். நடுவே, அந்தத் துளைக்குக் கீழே இடம் பிடியுங்கள், எல்லாக் குழல்களும் முழங்கும்போது அல்ல, அவை அடங்கியபின் மேலேயிருந்து ஒரே ஒரு ஸ்டாப் இறங்கும்போது நிமிர்ந்து பாருங்கள்.